காம்ப்ளிமென்ட் அற்ற எலி: தொற்று ஆய்வுக்கு எந்த வழியைத் தேர்வது?

காம்ப்ளிமென்ட் என்பது இரத்தத்தில் இருந்துகொண்டு கிருமிகளைத் தாக்கும் புரதங்களின் கூட்டம்; சி1 முதல் சி9 வரை எண்ணிட்ட புரதங்கள் அதன் முக்கிய உறுப்புகள். பாக்டீரியா தொற்றை எலி தாங்குவதில் அதன் பங்கு என்ன என்று அறியப் புறப்படுபவர் முன்னால் வந்து நிற்கும் முதல் கேள்வி, அதை எந்த வழியில் முடக்குவது என்பதுதான். சி3 மரபணுவை நீக்கிய எலி கிடைக்கிறது. ஏதாவது ஒரு தொடக்கப் பாதையை மட்டும் அடைத்த எலிகளும் உண்டு. பிறவியிலேயே சி5 இல்லாத எலிவகைகள் பல ஆய்வகங்களில் ஏற்கெனவே வளர்கின்றன. நாகப்பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைச் செலுத்தி இரத்தத்திலுள்ள சி3-ஐ வற்றவைக்கலாம். ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு சி5-ஐ மட்டும் பூட்டலாம்.

ஆய்வுக் கட்டுரைகளில் இவை எல்லாமே காம்ப்ளிமென்ட் குறைந்த எலி என்ற ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் வேறொரு பொருளை, வேறொரு நேரத்தில், உடலின் வேறோர் இடத்தில் நீக்குகிறது. ஒரே கிருமியை ஒரே அளவில் கொடுத்தாலும் ஐந்து எலிகளில் ஐந்து விடைகள் வரலாம். ஐந்தும் சரியாகவும் இருக்கலாம். எலியை வரவழைத்த பிறகு கேள்வியை வரையறுப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எந்த இடத்தில் வெட்டுகிறோம்

தேர்வுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்வோம். தொடங்கும் வழிகள் மூன்று. கிருமியின் மேல் ஒட்டிய எதிர்ப்பொருளை சி1கியூ கண்டுகொள்வது கிளாசிக்கல் பாதை. கிருமியின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளை மேனோஸ் பிணைக்கும் லெக்டினும் ஃபைக்கோலின்களும் பிடித்துக்கொள்வது லெக்டின் பாதை. சி3 தானாகவே சிறிது சிறிதாகச் செயல் நிலைக்கு வந்தபடி இருக்க, தடுக்கும் புரதங்கள் இல்லாத பரப்பு கிடைத்தால் அங்கே மளமளவெனப் பெருகுவது மாற்றுப் பாதை. இதற்கு பி காரணி, டி காரணி, ப்ராபர்டின் மூன்றும் வேண்டும்.

மூன்று பாதைகளும் சி3-இல் வந்து கூடுகின்றன. சி3 உடைந்தால் சி3பி கிருமியின் மேல் வேதிப்பிணைப்போடு ஒட்டிக்கொள்கிறது. அதுவும் அதிலிருந்து உருவாகும் ஐசி3பி-யும்தான் விழுங்கும் செல்களுக்கு அடையாளம். நியூட்ரோஃபில்கள் சிஆர்3 ஏற்பியால் அதைப் பற்றுகின்றன. கல்லீரலின் குப்ஃபர் செல்களுக்கு சிஆர்ஐஜி என்ற தனி ஏற்பி உண்டு. அந்த ஏற்பி இல்லாத எலிகள் இரத்தத்தில் ஓடும் லிஸ்டீரியாவையும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசையும் சரிவர வடிகட்ட முடியாமல் தவிப்பதை 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சி3-க்கு அடுத்த படி சி5. அது உடைந்தால் நியூட்ரோஃபில்களை அழைக்கும் சி5ஏ ஒருபுறம். சி6 முதல் சி9 வரை சேர்த்துக்கொண்டு கிருமியின் சவ்வில் துளையிடும் சி5பி மறுபுறம்.

ஆகவே சி3-இல் வெட்டினால் எல்லாம் போகும். சி5-இல் வெட்டினால் அடையாளமிடும் வேலை அப்படியே நிற்கும். அழைப்பும் துளையும் மட்டும் போகும். கிருமி எது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவரைத் தாண்டித் துளையிடும் கூட்டமைப்பால் கொல்ல முடியாது. நிமோகாக்கசில் சி5-ஐ நீக்கி ஒரு விளைவைக் கண்டால், அதைத் துளையின் கணக்கில் எழுத வழியில்லை. சி5ஏ-யின் கணக்கிலேயே எழுத வேண்டும். கிராம் நெகட்டிவ் கிருமிகளிலும் நீண்ட ஓ-ஆன்டிஜன் (மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலி) கொண்டவை துளையைத் தங்கள் சவ்விலிருந்து எட்டவே நிறுத்திவிடுகின்றன. அங்கும் கேள்வி பெரும்பாலும் சி3-ஐப் பற்றியதாகத்தான் முடிகிறது.

சி3 இல்லாத எலி

1995இல் வெளியான ஆய்வு இந்தத் துறைக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கசை வயிற்றறைக்குள் செலுத்தியபோது, எலிகளில் பாதியைக் கொல்லத் தேவையான கிருமியளவு சி3 இல்லாத எலிகளில் ஏறத்தாழ 50 மடங்கு குறைந்தது. சி4 இல்லாத எலிகளில் ஏறத்தாழ 25 மடங்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து, குடற்பையைக் கட்டித் துளையிட்டு உண்டாக்கும் வயிற்றறைத் தொற்றிலும் இந்த இரண்டு எலிகளும் இயல்பான எலிகளைவிட மிக எளிதில் இறப்பதும், அதில் அழற்சியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் தூண்டப்படாமல் போவதற்கும் பங்கு உண்டு என்பதும் தெரியவந்தன. இவ்வளவு தெளிவான, பெரிய விளைவைத் தரும் வேறு வழி இந்தப் பட்டியலில் இல்லை. கிருமி புதியது, காம்ப்ளிமென்டுக்கு அதில் பங்கு உண்டா என்பதே தெரியவில்லை என்றால், என்னைக் கேட்டால் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனாலும் இந்த எலி வெறும் காம்ப்ளிமென்ட் கழிந்த எலி இல்லை. சி3-இன் துண்டான சி3டி, பி செல்களின் சிஆர்2 ஏற்பி வழியாக எதிர்ப்பொருள் உருவாக்கத்தைத் தூண்டிவிடுகிறது. 1996இல் ஆன்டிஜனோடு (எதிர்ப்பொருளைத் தூண்டும் அயற்பொருளோடு) சி3டி-யை இணைத்துக் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்ப்பொருள் உருவாகத் தேவையான ஆன்டிஜன் அளவு 1,000 முதல் 10,000 மடங்கு வரை குறைந்தது. பிறந்தது முதல் சி3 இல்லாமல் வளர்ந்த எலியின் எதிர்ப்பொருள் இருப்பும் வேறாகத்தான் இருக்கும். முதல் 24 மணி நேரத்துத் தொற்றை மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய இடையூறு இல்லை. இரண்டு வாரம் நீளும் தொற்றிலோ தடுப்பூசி ஆய்விலோ, இயல்பெதிர்ப்பு குறைந்ததா, எதிர்ப்பொருள் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் பலர் கவனிக்காதது. சி3 இல்லாவிட்டால் சி5-ஐ உடைக்கும் நொதி உருவாகாது, எனவே சி5ஏ-யும் இராது என்று பாடம் சொல்லும். 2006இல் சி3 இல்லாத எலிகளில் நடந்த ஆய்வு, இரத்த உறைதலில் ஈடுபடும் த்ராம்பின் நேரடியாக சி5-ஐ உடைத்து சி5ஏ-யை உண்டாக்கிவிடுகிறது என்று காட்டியது. அதாவது சி3 நாக்அவுட் (மரபணு நீக்கிய) எலி அழற்சியில் தவிக்கும்போது அதில் சி5ஏ இல்லை என்று எழுதுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் அழற்சி கட்டுமீறும் நிலை) ஆய்வில் இதை விட்டுவிட்டால் முழு விளக்கமும் தடம் மாறிவிடும்.

மூன்றாவது, வளர்ப்பு முறை. நாக்அவுட் எலிகளைத் தனிக் கூண்டு வரிசையில் தலைமுறைகளாகப் பெருக்கிவிட்டு, வெளியிலிருந்து வாங்கிய, ஆய்வகங்களில் வழக்கமான சி57பிஎல்/6 வகை எலிகளோடு ஒப்பிடுவது இன்னும் நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் சமரசத்துக்குத் தயாரில்லை. 2024இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதற்கான காரணத்தை இன்னும் கூர்மையாக்கிவிட்டன. ஒன்று, குடலுக்குள் அங்கேயே சி3 சுரக்கிறது, அந்த அளவைக் குடல்வாழ் நுண்ணுயிர்களே தீர்மானிக்கின்றன, சிட்ரோபாக்டர் ரோடென்ஷியம் தொற்றைத் தாங்க அது தேவை என்று காட்டியது. மற்றொன்று, தாய்ப்பாலில் உள்ள காம்ப்ளிமென்ட் குட்டியின் குடல் பாக்டீரியாக்களையே மாற்றியமைக்கிறது, அந்தப் பால் கிடைக்காத குட்டிகள் அதே கிருமிக்கு எளிதில் இரையாகின்றன என்று காட்டியது. தாயிடம் சி3 இருந்ததா என்பதே குட்டியின் விடையை மாற்றுகிறது என்றால், சி3 மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்து, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய நாக்அவுட் எலிகளில் இன்னொரு மறைந்த சுமையும் இருக்கக்கூடும். அவற்றில் பல 129 எலிவகையின் கருமூலச் செல்களில் உருவானவை. 129 வகைக்கு காஸ்பேஸ்-11 என்ற அழற்சி நொதி செயல்படாத மரபு உண்டு. கிராம் நெகட்டிவ் கிருமிகளின் எண்டோடாக்சினை (புறச்சவ்வு நச்சை) எலி எப்படித் தாங்குகிறது என்பதை அதுவே மாற்றிவிடும். காஸ்பேஸ்-11 மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது, சி3 மரபணு 17ஆம் குரோமோசோமில். இரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் என்பதால், போதிய தலைமுறைகள் பின்கலப்பு (விரும்பிய எலிவகையோடு திரும்பத் திரும்பக் கலப்பு) செய்த எலிகளில் இந்தச் சுமை கழிந்திருக்கும். கழிந்துவிட்டது என்று நம்பாமல் ஒரு மரபுவகைச் சோதனை செய்து பார்த்துக்கொள்வது சிறிய செலவு.

பாதையைத் தேர்ந்து அடைக்கும் எலிகள்

சி3-க்குப் பங்கு உண்டு என்று தெரிந்த பின் எழும் கேள்வி, எந்தப் பாதை வழியாக என்பது. இங்கே விடை கிருமிக்குக் கிருமி, உறுப்புக்கு உறுப்பு தலைகீழாக மாறுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பதும் இதுதான்.

நிமோகாக்கஸ் தொற்றில் சி1கியூ இல்லாத எலிகளும் சி4 இல்லாத எலிகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்தத் தடுப்பூசியும் பெறாத எலியில் கிளாசிக்கல் பாதை எப்படித் தொடங்கியது? பிறவியிலேயே சீரத்தில் இருக்கும் இயற்கையான ஐஜிஎம் எதிர்ப்பொருள் கிருமியில் ஒட்டி அதைத் தொடங்கிவைக்கிறது. அதுவரை கிளாசிக்கல் பாதையைக் கற்றுப்பெற்ற எதிர்ப்பின் துணையாக மட்டும் பார்த்து வந்தவர்களுக்கு இது பெரிய திருத்தம். நேர் எதிராக, சூடோமோனாஸ் ஏருஜினோசா நுரையீரல் தொற்றில் 2004ஆம் ஆண்டு ஆய்வில் சி3 இல்லாத எலிகளும் பி காரணி இல்லாத எலிகளும் இறந்தன. சி4 இல்லாத எலிகள் இயல்பான எலிகளைப் போலவே தாங்கின. அங்கே மாற்றுப் பாதைதான் உயிர்காப்பு. அதே 2004இல், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசை இரத்தத்தில் செலுத்தியபோது மேனோஸ் பிணைக்கும் லெக்டின் இல்லாத எலிகள் அனைத்தும் 48 மணி நேரத்துக்குள் மடிந்தன. இயல்பான எலிகளில் ஏறத்தாழ பாதி பிழைத்தன.

மாற்றுப் பாதை என்ற ஒன்று உண்டு என்று 1954இல் லூயிஸ் பில்லிமர் ப்ராபர்டினைக் கண்டறிந்து சொன்னபோது அதைச் சந்தேகித்தவர்கள் ஏராளம். அவர் 1957இல் இறந்தார். அவர் சொன்னது சரி என்று துறை ஒப்புக்கொண்டது அதற்குப் பின்னர்தான். சூடோமோனாசின் முன் பி காரணி இல்லாமல் மடியும் எலிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

இந்த எலிகளைத் தேர்பவர் மனதில் வைக்க வேண்டியவை சில. சி4 புரதம் கிளாசிக்கல், லெக்டின் இரண்டு பாதைகளுக்கும் பொது. சி4 எலியை மட்டும் வைத்துக்கொண்டு இது கிளாசிக்கல் பாதை என்று சொல்ல முடியாது. சி1கியூ எலியையும் அருகில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு பாதிக்கப்பட்டால் கிளாசிக்கல் என்று நம்பலாம். சி4 மட்டும் பாதிக்கப்பட்டால் லெக்டினைத் தேட வேண்டும். மனிதரில் ஒன்றாக இருக்கும் மேனோஸ் பிணைக்கும் லெக்டின், எலியில் ஏ, சி என இரண்டு மரபணுக்களிலிருந்து வருகிறது. ஒன்றை மட்டும் நீக்கிய எலி அரைகுறையானது.

பி காரணி எலியைப் படிப்பதில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. தொற்றை முதலில் கண்டுகொண்டது கிளாசிக்கல் பாதையாக இருந்தாலும், ஒட்டிய சி3பி-யைப் பன்மடங்காக்கும் வேலையை மாற்றுப் பாதையின் சுழற்சிதான் செய்கிறது. பி காரணி இல்லாத எலி வீழ்ந்தால் மாற்றுப் பாதை தொடங்கிவைத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெருக்கம் நின்றது என்று மட்டுமே சொல்ல முடியும். பி காரணி, சி4 இரண்டும் தனித்தனியாக நீக்கப்பட்ட எலிகளை ஒரே சோதனையில் நிறுத்தினால்தான் தொடக்கத்தையும் பெருக்கத்தையும் பிரித்துப் பார்க்க வழி பிறக்கும். சூடோமோனாஸ் ஆய்வின் வலிமையே அந்த இணை ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

மாற்றுப் பாதையைக் கட்டுப்படுத்தும் புரதமான எச் காரணி இல்லாத எலியைக் காம்ப்ளிமென்ட் மிகையான எலி என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு. தடுப்பவர் இல்லாததால் அதில் சி3 ஓயாமல் செலவாகி, இரத்தத்தில் மிகக் குறைவாகவே மிஞ்சுகிறது. தொற்று ஆய்வில் அது கிட்டத்தட்ட சி3 குறைந்த எலியைப் போல நடந்துகொள்ளும்.

பிறவியிலேயே சி5 இல்லாத எலிவகைகள்

ஏ/ஜே, ஏகேஆர்/ஜே, டிபிஏ/2ஜே, எஸ்டபிள்யூஆர்/ஜே, எஃப்விபி/என், என்ஓடி ஆகிய எலிவகைகளில் சி5 மரபணுவில் இரண்டு எழுத்துகள் விடுபட்டுள்ளன. அதனால் புரதம் பாதியிலேயே முடிந்து, இரத்தத்தில் சி5 இல்லாமல் போகிறது. சி57பிஎல்/6, பிஏஎல்பி/சி, சி3எச் எலிகளில் சி5 உண்டு. ஆகவே ஏ/ஜே எலியையும் சி57பிஎல்/6 எலியையும் அருகருகே வைத்துத் தொற்றைக் கொடுத்து, வேறுபாட்டை சி5-இன் கணக்கில் எழுதிவிடலாம் என்ற ஆசை எளிதில் வரும். மலிவான வழி, எலியும் கையிலேயே இருக்கிறது.

என் தீர்ப்பு: இந்த ஒப்பீட்டை முதன்மைச் சான்றாக வைக்கவே வேண்டாம். இரண்டு எலிவகைகளுக்கிடையே வேறுபடுவது சி5 மட்டுமில்லை. சால்மொனெல்லா போன்ற செல்லுக்குள் வாழும் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் எஸ்எல்சி11ஏ1 மரபணு சி57பிஎல்/6, பிஏஎல்பி/சி எலிகளில் செயலிழந்த வடிவில் இருக்கிறது. டிபிஏ/2, ஏ/ஜே எலிகளில் செயல்படும் வடிவில் இருக்கிறது. சால்மொனெல்லாவைக் கொடுத்தால் சி5 இல்லாத எலியே நன்றாகத் தாங்குவதைக் காணலாம். அதிலிருந்து சி5 கெடுதல் செய்கிறது என்று முடிவு செய்பவரைத் தடுக்க அந்தச் சோதனைக்குள்ளே எதுவும் இருக்காது. லீஜியோனெல்லாவுக்கு ஏ/ஜே எலி இடங்கொடுப்பதற்குக் காரணம் என்ஏஐபி5 மரபணுவின் வேறுபாடு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசிடம் ஏ/ஜே எளிதில் வீழ்வதற்கு 8, 11, 18 ஆகிய குரோமோசோம்களிலும் காரணங்கள் இருப்பதாக 2010இல் தெரியவந்தது. சி5 மரபணு இருப்பதோ 2ஆம் குரோமோசோமில்.

இந்த வழி முற்றிலும் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பி10.டி2 என்ற எலிவகைப் பின்னணியில் சி5 உள்ள வகையும் இல்லாத வகையும் இணையாகக் கிடைக்கின்றன. அந்த இணையை வைத்துச் செய்த ஆய்வுகளுக்கு மதிப்பு உண்டு. லிஸ்டீரியா தொற்றில் ஏ/ஜே எலியின் பலவீனத்தை, அழற்சிக்கு வந்து சேரும் வெள்ளணுக்களின் குறைவோடும் சி5 இருக்கும் மரபிடத்தோடும் 1984இல் இணைத்துக் காட்டிய ஆய்வும், எலிவகைகளை வெறுமனே ஒப்பிட்டதோடு நிற்காமல், சந்ததிகளில் மரபைப் பின்தொடர்ந்து சென்றதால்தான் இன்றும் நிற்கிறது.

வேறு காரணத்துக்காக எஃப்விபி/என் எலியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவுற்ற முட்டைக்குள் மரபணுவை ஊசியால் செலுத்த வசதியானது என்பதால் பல டிரான்ஸ்ஜெனிக் எலிகள் இந்தப் பின்னணியில் பிறந்தவை. என்ஓடி பின்னணியில் வந்த, மனிதச் செல்களை ஏற்கும் எதிர்ப்புக் குறைந்த எலிகளுக்கும் இது பொருந்தும். காம்ப்ளிமென்டைப் பற்றி யோசிக்காமலே நீங்கள் சி5 அற்ற எலியில் தொற்று ஆய்வு செய்துகொண்டிருக்கலாம்.

நாக நஞ்சுக் காரணி

நாகத்தின் நஞ்சிலுள்ள ஒரு புரதம் சி3பி-யைப் போன்ற அமைப்புடையது. அது பி காரணியோடு சேர்ந்து சி3-ஐ உடைக்கும் நொதியை உருவாக்குகிறது. எலியின் சொந்த நொதியை எச் காரணி கலைத்துவிடும். இதை அதனால் கலைக்க முடியாது. திறந்துவிட்ட மதகு போல சி3 முழுவதும் வடிந்துபோகிறது. சில மணி நேரத்தில் இரத்தத்தின் சி3 அளவு மிகச் சிறிய மிச்சமாகிவிடும். சில நாட்களில் கல்லீரல் மீண்டும் சுரந்து நிரப்பிவிடும்.

இதன் பெரிய நன்மை காலம். எந்த எலிவகையிலும், எந்த வயதிலும், தொற்றுக்கு முன்போ பின்போ, விரும்பிய நேரத்தில் சி3-ஐ எடுத்துவிடலாம். இயல்பான எதிர்ப்பொருள் இருப்போடு வளர்ந்த எலியில் காம்ப்ளிமென்ட் மட்டும் இல்லாத சில நாட்களைப் பெறுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. நாக்அவுட் எலியின் எதிர்ப்பொருள் குறைபாடு குழப்புகிறதா என்று சரிபார்க்க இதைத் துணைச் சோதனையாக வைப்பது நல்லது.

தீமையும் அதே செயல்முறைக்குள்ளேயே இருக்கிறது. சி3 வடியும்போது சி3ஏ-யும் சி5ஏ-யும் ஒரேயடியாக வெள்ளமாகக் கிளம்புகின்றன. நியூட்ரோஃபில்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தேங்குகின்றன. அந்த நேரத்தில் நுரையீரல் தொற்றைக் கொடுத்தால் காம்ப்ளிமென்ட் இல்லாததன் விளைவைப் பார்க்கிறோமா, காம்ப்ளிமென்ட் வெடித்ததன் பின்விளைவைப் பார்க்கிறோமா என்று யாராலும் சொல்ல முடியாது. செலுத்தியதற்கும் தொற்றுக்கும் இடையே ஒரு நாளாவது விட வேண்டும். அப்படி விட்டாலும் நுரையீரல் ஆய்வுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தயாரிப்பு தூய்மையற்றதாக இருந்தால் நஞ்சின் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் என்ற, சவ்வைச் சிதைக்கும் நொதியும் கூடவே வந்து தன் வேலையைக் காட்டும். பாம்புப் புரதம் என்பதால் எலி அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளும். பல வாரத் தொற்றில் திரும்பத் திரும்பக் கொடுத்தால் வீரியம் குறையும். இரத்தத்தை வற்றவைத்தாலும், குடலிலோ நுரையீரல் எபிதீலியத்திலோ அங்கேயே சுரக்கும் சி3 அதே அளவு வற்றியது என்று எண்ண இடமில்லை.

சி5-ஐப் பூட்டும் எதிர்ப்பொருள்

சி5-ஐக் கேள்வியாக எடுப்பவருக்கு இது நாக நஞ்சைவிட மென்மையானது, பிறவிக் குறைபாட்டு எலிகளைவிடத் தூய்மையானது. பிபி5.1 என்ற எதிர்ப்பொருள் எலியின் சி5 உடைவதைத் தடுக்கிறது. எந்த வெடிப்பும் இல்லை. அதே எலிவகையில், ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே, ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்குப் பொருத்தமான கட்டுப்பாட்டு எதிர்ப்பொருளையும் கொடுத்து ஒப்பிடலாம். மனித மருத்துவத்தில் பயன்படும் எக்குலிசுமாப் எலியின் சி5-ஐப் பற்றாது. அதை எலிக்குக் கொடுத்து விளைவில்லை என்று அறிவிப்பதில் பொருளில்லை.

இந்த எதிர்ப்பொருள் சி5ஏ, துளை இரண்டையும் சேர்த்தே நிறுத்துகிறது. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் சி5ஏ ஏற்பி இல்லாத எலி வேண்டும். 1996இல் அந்த ஏற்பியை நீக்கிய எலிகள் நுரையீரலில் செலுத்திய சூடோமோனாசை அகற்ற முடியாமல் இறந்தன. ஆனால் வயிற்றறைச் செப்சிசில் சி5ஏ-யைத் தடுப்பது விலங்குகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரே மூலக்கூறு, நுரையீரலில் கிருமியை எதிர்க்கும்போது நண்பன், உடல் முழுதும் கட்டுமீறியபோது பகைவன். சி5-ஐப் பற்றி ஆய்வு செய்பவர் தொற்றின் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே தீர்மானித்து எழுதிக்கொள்ளாவிட்டால், முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

நான் தேர்வது

கையில் ஒரே ஒரு எலிக் கூட்டத்துக்குத்தான் இடமும் பணமும் என்றால், ஒரே ஈற்றில் பிறந்த சி3 நாக்அவுட் எலிகளும் அவற்றின் இயல்பான உடன்பிறப்புகளும். அந்த இயல்பான உடன்பிறப்புகளில் ஒரு பகுதிக்கு பிபி5.1 கொடுத்துவிட்டால், சி3-இல் வெட்டியதற்கும் சி5-இல் வெட்டியதற்கும் உள்ள வேறுபாடு அதே சோதனையிலேயே கிடைத்துவிடும்; இரண்டாவது எலிக் கூட்டம் தேவையில்லை. இதில் விளைவு தெரிந்த பிறகு சி4, பி காரணி எலிகளை இணையாக வாங்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே ஒரு பாதையை அடைத்த எலியை மட்டும் வாங்கினால், விளைவு இல்லாத நாளில் காம்ப்ளிமென்டுக்கே பங்கில்லையா, இந்தப் பாதைக்குத்தான் பங்கில்லையா என்பது தெரியாமல் நிற்க நேரிடும். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதுகாப்பைச் சோதிப்பவருக்கு மட்டும் என் வரிசை மாறும்: எலி எதிர்ப்பொருளை உண்டாக்கி முடிக்கட்டும், அதன் பின் நாக நஞ்சுக் காரணியால் சி3-ஐ எடுத்துவிட்டுத் தொற்றைக் கொடுப்பது அங்கே நாக்அவுட்டைவிட நேரான வழி.

எந்த வழியாக இருந்தாலும், முடக்கிவிட்டோம் என்பதை அளந்து காட்ட வேண்டும். இங்கே எலி ஒரு தொல்லை தரும். எலிச் சீரம், இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் வழக்கமான சோதனையில் மனிதச் சீரத்தோடும் கினிப் பன்றிச் சீரத்தோடும் ஒப்பிட்டால் மிகப் பலவீனமானது. இயல்பான எலியிலேயே அளவு தரைதட்டி நிற்பதால் குறைந்ததா என்று சொல்வது கடினம். கிருமியின் மேலோ தட்டின் மேலோ எவ்வளவு சி3 படிகிறது என்று நேரடியாக அளப்பது நம்பகமானது. சீரத்தை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, விரைவில் மைனஸ் 80 பாகையில் உறையவைக்க வேண்டும். மேசைமேல் கிடந்த சீரத்தில் காம்ப்ளிமென்ட் தானே தீர்ந்துபோகும்.

பாலினத்தையும் கலக்கக் கூடாது. சி57பிஎல்/6 பெண் எலிகளில் துளையிடும் கூட்டமைப்பின் இறுதிப் புரதங்கள் ஆண் எலிகளைவிடக் குறைவு. பெண் எலிகள் கூண்டில் சண்டையின்றி இருக்கும் என்று அவற்றையே வாங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. துளையைப் பற்றிய ஆய்வுக்கு, விளைவு எந்தப் பாலினத்தில் பெரிதாகத் தெரிய வாய்ப்புண்டோ அதை விலக்கிவிட்டுத் தொடங்குவதாகவே அது முடியும்.

மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதுவும் உதவாத கிருமிகளும் உண்டு. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் நைசீரியா மெனிஞ்சிடைடிஸ், மனித எச் காரணியைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு காம்ப்ளிமென்டிலிருந்து தப்புகிறது. எலியின் எச் காரணி அதற்கு ஒட்டாது. சாதாரண எலியில் அந்தக் கிருமி தன் கேடயம் இல்லாமலே நிற்கிறது. மனித எச் காரணியை உண்டாக்கும் டிரான்ஸ்ஜெனிக் எலிகளில் அதே கிருமி இரத்தத்தில் கூடுதலாகப் பெருகுகிறது. மனிதரில் சி5-ஐத் தடுக்கும் மருந்து பெறுபவர்களுக்கு இந்தக் கிருமியால் வரும் ஆபத்து 1,000 முதல் 2,000 மடங்கு வரை உயர்கிறது என்பதை நினைத்தால், எலியில் காம்ப்ளிமென்டை நீக்கும் முன்பே எலிக்கு மனிதப் புரதம் ஒன்றைச் சேர்க்க வேண்டிய கிருமி இது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிசுக்கும் இதே நிலைதான். அது பற்றிக்கொள்ளும், காம்ப்ளிமென்டைத் தடுக்கும் சி4பி பிணைப்புப் புரதமும் எச் காரணியும் மனிதருடையவை. அந்த இரண்டையும் ஏந்திய எலிகளை முதலில் தேடிப் பெறுங்கள். எதை நீக்குவது என்ற கேள்வியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.